உன் மகளுக்கு அவர்கள் போட்ட புள்ளி

என் அன்புத் தங்கச்சி கமலாவுக்கு,

உன் முதலாம் ஆண்டு நினைவுக்காகப் பத்திரிகையில் வாங்கிய இடம் இது. உன் படத்தோடு நான்கு வரிக் கவிதை போடலாம் என்றார் உன் கணவர், நம் மாப்பிள்ளை. படம் இருக்கிறது. கவிதை இருக்க வேண்டிய இடத்தில் பின்வருவன இருக்கின்றன.

1. ஜனவரி, இரண்டாவது புதன்கிழமை: உன் மகள் தாரணியின் நான்காம் வகுப்பில் 'நுண்ணறிவுச் சோதனை' ஒன்று நடத்தப்பட்டது. வீட்டுக்கு எந்த அறிவித்தலும் வரவில்லை.

2. பெப்ரவரி, முதல் வெள்ளிக்கிழமை: ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆறு வயதின் அறிவுதான் இருக்கிறது என்று அதிபரின் அறையில், கதவு திறந்திருக்க, வரிசையில் நின்ற மற்றப் பெற்றோரின் காதில் விழும்படி, மாப்பிள்ளையிடம் சொல்லப்பட்டது.

3. அதே நாள்: சோதனை அறிக்கையில் காரணம் எழுதும் இடத்தில் 'தாய் இறந்தமை' என்று எழுதப்பட்டிருந்தது.

4. மார்ச், இரண்டாவது திங்கட்கிழமை: அடுத்த தவணையிலிருந்து அவளை மாத்தளை டவுனிலுள்ள ஒரு பள்ளியின் விசேட கல்விப் பிரிவுக்கு மாற்றுவதற்கான சம்மதக் கடிதம் கையொப்பத்துக்கு வந்தது.

மூன்றாவதற்காகத்தான் உனக்கு எழுதுகிறேன். உன்னைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார்கள். நீ வந்து மறுக்க மாட்டாய் என்ற தைரியம்.

நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். பௌதிகம் படித்துவிட்டுச் சந்தைகளிலும் கடைகளிலும் தராசுகளைப் பரிசோதித்து முத்திரையிடுகிறவன். ஆகவே அறிக்கையைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை; சந்தேகம் வந்தது. சந்தேகம் அவள்மீதா, அளவுகோல்மீதா? உண்மையைச் சொன்னால், முதலிரண்டு நாட்கள் எனக்கே தெரியவில்லை. ஆகவே சோதித்துப் பார்த்தேன்.

டவுனில் ஒரு புத்தகக் கடையில் அதே மாதிரியான வினாக்கள் உள்ள புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை உன் வீட்டுக்குப் போனேன். தாரணியைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, மணிக்கூட்டை அவள் பார்வைக்குப் படாமல் வைத்தேன். அடுத்த உருவம் எது, கூட்டத்தில் சேராதது எது என்ற வகைக் கேள்விகள். பென்சில் கடகடவென்று ஓடியது. முதல் பக்கம் முடிந்தது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

நான் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. குசினி வாசலில் நின்றிருந்த மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "பாத்தீங்களா மச்சான்? இப்படித்தான். கொஞ்ச நேரம் செய்வா, அப்புறம் அப்படியே உறைஞ்சி போயிடுவா."

அந்த நிமிடம், கமலா, அவர்கள் சொன்னது சரிதானோ என்று நினைத்தேன். கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன்.

"ஏம்மா நிறுத்திட்டே?"

"முடிஞ்சிச்சு மாமா."

"அடுத்த பக்கம் இருக்கே?"

"நீங்க இன்னும் பாக்கல்லியே! பாக்காம திருப்பினா ஏச்சு விழும்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "பாக்கப் போறீங்களா, இல்ல கண்ணாடிய தேடப் போறீங்களா?"

கண்ணாடி என் நெற்றியில் இருந்தது. முதல் பக்கத்தைப் பார்த்தேன். எல்லாம் சரி.

"அன்னைக்கு ஸ்கூல்ல டெஸ்ட் வச்சாங்களே, அப்பவும் இப்படித்தான் இருந்தியா?"

"ஆமா. டெஸ்ட் வச்ச சேர் பாக்கவே வரல்ல. ஜன்னல்கிட்ட நின்னு ஃபோன்ல பேசிக்கிட்டே இருந்தாரு. பாவம், வேல போல."

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். அவளுடைய மிஸ் நான்காம் ஐந்தாம் வகுப்புகளை ஒரே மண்டபத்தில் தனியாளாகப் பார்க்கிறார். நடுவில் தடுப்பு கூட இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அவருடைய முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ சேர், அது நான் பழக்கினது. நான் ஒருத்தி ரெண்டு வகுப்பையும் பாக்கணுமே. ஒரு பக்கம் முடிஞ்சா கவுத்து வச்சிட்டு கைகட்டி இருங்க, நான் வந்து பாத்துட்டுச் சொன்னா மட்டும் திருப்புங்கன்னு சொல்லியிருக்கேன். இல்லாட்டி தப்புத் தப்பா கொப்பி முழுக்க எழுதி வச்சிருவாங்க. டெஸ்ட் அன்னைக்கு எங்கள உள்ள விடல்ல சேர். சொல்லிக் குடுத்திருவோமாம்."

அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு வகுப்பை ஒருவர் தலையில் கட்டியவர்களின் வேலையை அவர் தன்னால் முடிந்த ஒழுங்கில் செய்கிறார். அந்த ஒழுங்கைத் தாரணி எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள். அதற்குத்தான் அவளுக்குப் புள்ளி குறைந்தது.

அதே வகுப்பில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கும் இதே கடிதம் போயிருக்கிறது. மற்றவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று மிஸ்ஸிடம் கேட்டேன். "அவங்க சனிக்கிழம டவுனுக்கு டியூஷன் போறவங்க சேர். அங்க டைம் டைம்னு கத்திக்கிட்டே இருப்பாங்க. பக்கத்தத் திருப்பிப் பழகிட்டாங்க."

நீ இருந்திருந்தால் சனிக்கிழமைகளில் அவளைப் பஸ் ஏற்றி டவுனுக்குக் கூட்டிப்போயிருப்பாய். அவளும் பக்கத்தைப் புரட்டியிருப்பாள். அந்த ஒரு அளவில் அறிக்கையில் உன்னைப் பற்றி எழுதியிருப்பது உண்மை. அவர்கள் அளந்தது யாருக்குத் தாய் இருக்கிறாள், யாருக்கு டியூஷன் இருக்கிறது என்பதை. அதற்கு அறிவு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதிபரிடம் இரண்டே கேள்விகள் கேட்டேன். பிந்திய பக்கங்கள்? "ஒண்ணுமே எழுதல்ல சேர்." முதல் பக்கம்? அவர் விடைத்தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது... எல்லாம் சரிதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மேலயிருந்து வந்த டெஸ்ட். நான் என்ன செய்ய?" என்றார்.

மேலே, கல்வி அலுவலகத்துக்கும் போனேன். சோதனையை நடத்திய அதிகாரி மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். ஒரு முறை வைத்த சோதனையை ஒரு வருடத்துக்குத் திரும்ப வைக்க முடியாதாம்; விதி அப்படியாம். பிள்ளை சும்மா இருந்ததைக் கண்டீர்களா என்று கேட்டேன். கண்டாராம். ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்களா? "கேட்டா டெஸ்ட் கெட்டுப்போயிடும் சேர். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும் தானே? நீங்க மாமா, உங்களுக்கு வருத்தம் இருக்கும், எனக்கு வெளங்குது."

நான் குரலை உயர்த்தவில்லை. கலேவெல சந்தையில் மேடுபள்ளமான தரையில் வைத்த தராசில் வெங்காயத்தின் எடை குறைவாகத் தெரிந்தால், வெங்காயம் இலேசானது என்று நான் எழுதிக்கொடுப்பதில்லை; முதலில் தராசை மட்டப்படுத்துவேன் என்றேன். எல்லாத் தரையிலும் ஒரே தராசை வைப்பது நியாயம் ஆகிவிடாது என்றேன். அவர் சிரித்தார். "பிள்ளைகள் வெங்காயம் இல்லயே சேர்." அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்றைத் தெளிவாக எழுதவேண்டும். விசேட கல்விப் பிரிவை நான் இழிவாக நினைக்கவில்லை. அந்த வகுப்பறையைப் போய்ப் பார்த்தேன். பொறுமையான ஆசிரியை, தேவையுள்ள பிள்ளைகள். அப்படியான பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்வை மங்கலா, காது கேட்கிறதா, சொன்னது விளங்கியதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் சோதனை. ஒரு பிள்ளையின் மௌனத்தைத் தூரத்தில் நின்று கண்டுவிட்டு அதற்கு ஒரு எண்ணைக் கொடுப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது. இது பத்திரிகை என்பதால் அதை எழுதவில்லை.

மாப்பிள்ளையின் நிலையையும் உனக்குச் சொல்லவேண்டும். சம்மதக் கடிதம் ஃபிரிஜ் மேலே இருக்கிறது. நேற்று என்னிடம் சொன்னார்: "கையெழுத்தப் போட்டுத் தொலச்சிடவா மச்சான்? நீங்க சண்ட போட்டுட்டுப் போயிடுவீங்க. தினம் அந்த ஸ்கூலுக்குப் போறது எம் பிள்ள. அவ மேலதானே கோவத்தக் காட்டுவாங்க?"

அவர் கோழையல்ல. உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட மனிதர் அவர். பயப்படுவதற்கு அவருக்குக் காரணம் உண்டு. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? போட்டிருப்பாயா?

கதவுக்குப் பின்னால் நின்று தாரணி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்து கேட்டாள்: "அப்பா, நான் மக்கா?"

அவர் கடிதத்தை எடுத்து எனக்கு நீட்டினார். கையொப்பம் இல்லாமல். "நீங்களே வச்சிக்கோங்க மச்சான்."

கமலா, இதற்குப் பிந்திய வரிகள் உனக்கல்ல, வாசிக்கவேண்டியவர்களுக்கு.

தாரணியையும் மற்ற மூன்று பிள்ளைகளையும் மாற்றும் முடிவு இரத்துச் செய்யப்பட வேண்டும். அவர்களுடைய மிஸ் அறையில் இருக்க, 'நீங்களாகவே பக்கத்தைத் திருப்பலாம்' என்று முதலில் சொல்லி, சோதனை திரும்ப நடத்தப்பட வேண்டும். என் தங்கையின் மரணத்தைக் காரணம் காட்டும் வரி அறிக்கையிலிருந்து நீக்கப்பட வேண்டும். வாய்ப்பேச்சும் தேநீரும் போதும். ஏப்ரல் முதல் வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள், பொறுப்பானவரின் பெயரும் கையொப்பமும் உள்ள பதில் எழுத்தில் எனக்குக் கிடைக்க வேண்டும்.

உனக்கு ஒரு வாக்கு மட்டும், தங்கச்சி. புத்தாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் காலையில், பதில் வந்தாலும் வராவிட்டாலும், உன் மகளை நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நான்காம் வகுப்பில் அவளுடைய கதிரையில் உட்காரவைப்பேன். எழுப்ப வருகிறவர் என்னிடம் பேசட்டும்.

உன் அண்ணன்,
தாரணியின் தாய்மாமன்.