வெள்ளைப் புள்ளி வைத்த வண்டுகள்

என் அன்புக்குரிய உங்களுக்கு,

நானும் நம் சுண்டெலியும் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. மருந்துக் கடையில் நாள் முழுக்க டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்கிற எனக்கே உங்கள் கையெழுத்து தண்ணி காட்டியது. ஆனால் ஒரு விஷயம் பளிச்சென்று புரிந்தது. குழந்தை உங்களிடம் ஒட்டவில்லையாம், வந்து அவளை எதற்குப் படுத்த வேண்டும் என்று அடுத்த விடுப்புக்கு வரப்போவதில்லையாம். படித்ததும் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. அது ஆறட்டும் என்று பொறுத்திருந்து எழுதுகிறேன்.

போகிற அவசரத்தில் உங்கள் ஆராய்ச்சிப் பொறிவண்டு ஜாடியைச் செருப்பு அலமாரி மேலேயே மறந்துவிட்டீர்கள். டாக்சிக்காரர் ஹாரன் அடிக்க, நம் பெண் சுண்டெலி துணி பீரோவுக்குள் ஒளிந்துகொண்டு வர மறுக்க, நீங்கள் பீரோ கதவுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனீர்களே, அந்தக் களேபரத்தில். வண்டுகளைத் திறந்துவிடலாம் என்று ஜாடியை எடுத்தேன். அப்பாவோடது, யாரும் தொடக் கூடாது என்று சுண்டெலி பிடுங்கிக்கொண்டாள்.

அதில் இரண்டு ஊர் வண்டுகளும் இருந்தன. நீங்கள் வேலை பார்க்கும் குளிர் தேசத்திலிருந்து கொண்டுவந்தவற்றின் முதுகில் அடையாளத்துக்கு வெள்ளைப் புள்ளி வைத்திருந்தீர்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், மரபணுதான் ஊருக்கு ஊர் வேறு என்று சாப்பாட்டு மேசையில் வகுப்பே எடுத்தீர்கள். நம் ஊர் வண்டுகள் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருக்க, உங்கள் ஊர் வண்டுகள் (பாருங்கள், உங்கள் ஊர் என்றே எழுதிவிட்டேன், அந்த ஊர் என்று படித்துக்கொள்ளுங்கள்) மூடிக்கடியில் ஒண்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன. இதுங்களும் என்னை மாதிரிதான், இந்த வீட்டுல ஒட்டலைன்னு சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவேயில்லை.

சுண்டெலி ஜாடியைத் தன் கட்டிலோரம் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இருட்டென்றால் பயம், அங்கே விளக்கு அணைவதே இல்லை. பால்கனித் தொட்டியில் அவரைச் செடி முழுக்க அசுவினிப் பூச்சி. அந்த இலைகளையே வண்டுகளுக்குத் தீனியாகப் பறித்துப் போட்டோம். கொஞ்ச நாளில் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்து நடமாடின. ஒரு மாலை பார்த்தால், அதிலொன்று நம் ஊர் வண்டின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஏம்மா இது உப்புமூட்டை தூக்கிட்டுப் போகுதுன்னு கேட்டாள். அப்பா வந்ததும் கேட்டுக்கோ என்று தப்பித்தேன். உடனே, அப்பா எப்ப வருவாங்க என்றாள். அவளாக அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சீக்கிரம் வருவாங்க என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்து நிற்கிறது.

இப்போது வண்டுகள் இட்ட மஞ்சள் முட்டைகள் பொரிந்து ஜாடி முழுக்கக் கருப்புப் புழுக்கள். பேய்ப்பசி அவற்றுக்கு. பள்ளிவிட்டு வந்ததும் பையை வீசிவிட்டு அசுவினி பொறுக்கத்தான் ஓடுகிறாள்.

பகல் குறைந்தால் குளிர்காலம் என்று படுத்துக்கொள்வது அந்த ஊர் வண்டுகளின் பிறவிக் குணம், வெளிச்சம் நீண்டால் எழுந்துகொள்ளும் என்று சொன்னதே நீங்கள்தான். வண்டு அசையாததற்குக் காரணம் பார்த்த நீங்கள், பெற்ற பெண் ஒட்டாததற்கும் பார்க்கக் கூடாதா? விமானத்திலிருந்து இறங்கிவந்து பகலெல்லாம் போர்த்திக்கொண்டு தூங்கினீர்கள். அவள் தூங்கின பிறகு வீட்டில் உலாத்தினீர்கள். தூக்கம் சரியாவதற்குள் விடுப்பு முடிந்துவிட்டது. நீங்கள் வந்த அன்று அவள் பீரோவுக்குள் ஒளியவில்லையே. கிளம்பின அன்றுதானே ஒளிந்தாள்? கொஞ்சம் யோசியுங்கள்.

அதனால் வாருங்கள். இந்தத் தடவை நாலு நாள் கூடவே விடுப்புக் கேளுங்கள். வந்து தூங்கினாலும் பரவாயில்லை, எழுப்ப ஆள் இருக்கிறது.

சுண்டெலிக்கு இப்போது ஒரே கவலை. புழுவெல்லாம் வண்டாகிவிட்டால், அதுகளுக்கு வெள்ளைப் புள்ளி வைக்கணுமா, வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை. அப்பாதான் வந்து சொல்லணும் என்று பெயிண்ட் பாட்டிலையும் பிரஷையும் உங்கள் தலையணை மேல் வைத்துவிட்டாள். படுக்கையை உதறும்போதெல்லாம் எடுத்துவிட்டு, அதே இடத்தில் வைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
இந்த ஊர்க்காரி