ஒரு சுற்று முன்னால் அடித்த மணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்க நானும் உங்கம்மாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை உங்கம்மா வாராவாரம் போன்ல கேட்டுக்கறா, அதனால நான் தனியா கேட்கல. கடிதம் வந்ததும் பிரிக்கறதுக்கு முன்னாடி உறையோட ஓரத்தை நல்லாப் பாரு. ரெண்டு தடவை பசை தடவி, மேல டேப் ஒட்டி, டேப்புக்குக் குறுக்கா கையெழுத்தும் போட்டிருக்கேன். கையெழுத்து கோணியிருந்தா வழியில யாரோ பிரிச்சிருக்காங்கன்னு அர்த்தம். தபால் ஆபீஸ்ல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா, போன தடவை உள்ள என்ன சார் இருக்குன்னு கேட்டா. அவளுக்கு எதுக்கு அது? எடை போடறவ கேட்கத்தானே செய்வா, நீங்க என்ன ராணுவ ரகசியமா அனுப்பறீங்கன்னு உங்கம்மா சிரிக்கறா. அவளுக்கு ஊர்ல எல்லாரும் உத்தமனுங்க. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுது. குழாய்க்காரன் மூணு தடவை வந்துட்டான், வந்த தடவையெல்லாம் ஒரு ஓட்டையை அடைக்கறான், அடுத்த வாரமே அதுக்குப் பக்கத்துல புதுசா ஒண்ணு. அவன் பையில என்னென்ன வெச்சிருக்கான்னு இந்தத் தடவை நின்னு பார்க்கப்போறேன்.

விஷயத்துக்கு வரேன். கொக்கு போயிட்டான். நீயும் செய்தியில பார்த்திருப்பே. எண்ணூறு மீட்டர், ஆயிரத்து ஐநூறு மீட்டர் ரெண்டுலயும் பதினெட்டு வருஷம் யாரும் தொட முடியாத நேரம் வெச்சிருந்தவன், அந்த நீளக் கால்காரன், படுக்கையில கிடந்து போயிட்டான். மைதானத்துல இரங்கல் கூட்டம் போட்டாங்க, நானும் போயிருந்தேன். கடைசி வரிசையில சுவரை ஒட்டி உட்கார்ந்தேன், முதுகுக்குப் பின்னாடி யாரும் இருக்கக்கூடாது பாரு. அவனோட பழைய கோச் முன்வரிசையில இருந்தார், கேமரா அவர் பக்கம் திரும்பினா கண்ணைத் துடைக்கறார், அந்தப் பக்கம் போனா மொபைலைப் பார்க்கறார். பேசின அத்தனை பேரும் அந்த மணிப் பந்தயத்தைப் பத்திப் பேசினாங்க, பேசினவங்க ஒவ்வொருத்தரும் கடைசி வரிசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாங்க. கூட்டம் முடிஞ்சதும் சங்கச் செயலாளர் வந்து தோள்ல கை போட்டார். முப்பத்தொரு வருஷமா போடாத கை. அந்த மணி உங்ககிட்டதானே இருக்கு, நினைவு மண்டபத்துல கண்ணாடிப் பெட்டியில வைக்கணும், கொடுங்கன்னார். சமையலறைப் பரண்ல, தலையணை உறைக்குள்ள நான் வெச்சிருக்கறது இவருக்கு எப்படித் தெரியும்? பார்க்கலாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். பெட்டிக்குக் கீழே என்ன எழுதி மாட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா.

உனக்குத் தெரிஞ்ச பாதியை முதல்ல சொல்லிடறேன். ஆயிரத்து ஐநூறு மீட்டர்னா மைதானத்தை மூணே முக்கால் சுற்று. முடிவுக் கோட்டுல சுற்றுப் பலகையை வெச்சுக்கிட்டு நிக்கறது என் வேலை. அவங்க கடந்து போகப் போக எண்ணைத் திருப்பணும், கடைசிச் சுற்று ஆரம்பிக்கும்போது மணி அடிக்கணும், அவ்வளவுதான். அன்னைக்கு ஒரு தடவை திருப்ப வேண்டிய பலகையை ரெண்டு தடவை திருப்பிட்டேன். ரெண்டு சுற்று பாக்கி இருக்கும்போதே மணி அடிச்சேன். ஏழு நடுவர்கள் நின்னாங்க, ஒருத்தராவது எண்ணினாரா? எல்லாரும் என் பலகையைத்தான் நம்பினாங்க. ஓட்டக்காரங்களும் மணியைக் கேட்டதும் உயிரைக் கொடுத்து ஓடி, கோட்டைத் தாண்டி முட்டியில கை வெச்சுக் குனிஞ்சுட்டாங்க. கொக்கு மட்டும் மணி அடிக்காத மாதிரியே அதே வேகத்துல வந்தான், குனிஞ்சு கிடந்தவங்களைச் சுத்திப் போனான், கூட்டம் மொத்தமும் விழுந்து விழுந்து சிரிக்க ஒத்தை ஆளா இன்னொரு சுற்று ஓடினான். பாதிச் சுற்றுலதான் எல்லாருக்கும் உறைச்சது. கொக்குக்கு ஒண்ணே மதின்னு மறுநாள் ஊரெல்லாம் பேச்சு. தோத்தவங்க சும்மா இருப்பாங்களா, பலகைக்காரனும் கொக்கும் கூட்டுக் களவாணின்னு எழுதிக் கொடுத்தாங்க. விசாரணையில மணி தப்புன்னு எப்படித் தெரியும்னு அவனைக் கேட்டாங்க, என் கால் சொல்லுச்சுன்னான். காலுக்கு வாய் இருக்கா? எனக்கு அன்னைக்கே சந்தேகம். என்னைக் கேட்டாங்க, வெயில் கண்ணுல அடிச்சுதுன்னேன். சாயங்காலம் நாலரை மணி, வெயில் என் முதுகுப் பக்கம். அவன் ஜெயிச்சது ஜெயிச்சதாவே இருந்தது, என்னைக் கோட்டுலேர்ந்து தூக்கிச் சாமான் அறையில போட்டாங்க. அந்த மணியை அங்கேர்ந்துதான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பள்ளிக்கூடத்துல உனக்குக் கள்ளமணின்னு பேர் வந்தது. பதினேழு வயசுல நீ என் முன்னாடி வந்து நின்னு, உண்மையைச் சொல்லுங்க, ரெண்டு பேரும் பேசி வெச்சுச் செஞ்சீங்களான்னு கேட்டே. போடி உள்ளேன்னு கத்தினேன். அதுக்கப்புறம் நீ எதுவுமே கேட்கல. படிச்சே, வேலை வாங்கினே, போயிட்டே. போன்ல என்கிட்ட சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேட்கறே.

இனிமேதான் உனக்குத் தெரியாத பாதி. அந்தப் பந்தயம் நடந்த தேதிக்கு வருஷா வருஷம் கொக்குகிட்டேர்ந்து எனக்கு ஒரு தபால் வரும். வேணும்னே அந்தத் தேதி பார்த்து அனுப்பறான், என்னை ஆழம் பார்க்கறான்னு நான் ஒண்ணைக்கூடப் பிரிக்கல. நாளைக்கு யாராவது உங்களுக்குள்ள கடிதப் போக்குவரத்து உண்டான்னு கேட்டா, இல்லைன்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லணுமே. இந்த வருஷம் மட்டும் வரல. மொத்தம் முப்பது உறை, தகரப் பெட்டியில போட்டுப் பூட்டி, சாவியை என் இடுப்புலயே வெச்சிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை அவன் சம்சாரம், கணக்கு டீச்சரா இருந்து ஓய்வு பெற்ற அம்மா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறாங்க. நான் அவங்க முகத்தைப் பார்க்கல, கைப்பையைத்தான் பார்த்தேன். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. வருஷா வருஷம் தபால்ல போட்டாரே, ஒண்ணாவது வந்து சேர்ந்துதா, கடைசி மாசத்துலகூட பலகைக்காரர் பதில் போட்டாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தார்னாங்க. எல்லாம் வந்தது, பிரிக்கலைன்னேன். ஏன்னு கேட்டாங்க, சொன்னேன். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க. அவரும் உங்களை மாதிரியேதான், வாசல் மணி அடிச்சாக்கூட ஜன்னல்ல எட்டிப் பார்த்துட்டுத்தான் நம்புவார்னாங்க. ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க.

அவங்க போனதும் பெட்டியைத் திறந்தேன். பூதக்கண்ணாடி வெச்சு முப்பது உறையோட ஒட்டையும் தபால் முத்திரையையும் பார்த்தேன். எல்லாம் அந்தந்த வருஷத்து முத்திரை, யாரும் தொடல, தொட நான் விட்டாத்தானே. அதனால இதுல இருக்கறது இப்ப யாரும் ஜோடிச்சது இல்ல, என் சந்தேக புத்தியே சாட்சி. முதல் உறையில இருந்த அட்டையை இதோட வெச்சிருக்கேன். எழுத்து மங்கியிருக்கு, அதனால நானே எழுதறேன். "ஐயா, வளைவில் திரும்பும்போது உங்களைப் பார்த்தேன். நீங்கள் பலகையைப் பார்க்கவில்லை, வேலிக் கம்பிமேல் ஏறி நின்ற குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இனி எண்ணிக்கை என் பொறுப்பு என்று அப்போதே முடிவு செய்தேன். விசாரணையில் நீங்கள் குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை. தகப்பன் சொல்லாததை நான் சொல்லக்கூடாது. நேரில் வந்தால் கூட்டு என்பார்கள், அதனால் எழுதுகிறேன். பாப்பா எப்படி இருக்கிறாள்?"

அந்தப் பாப்பா நீதான் கண்ணு. உனக்கு ஆறு வயசு. உங்கம்மா பாட்டில்ல தண்ணி பிடிக்கப் போயிருந்தா, நீ மேல் கம்பியில நின்னு ரெண்டு கையையும் விட்டுட்டு எனக்குக் கையாட்டினே. யாரோ உன் கவுனைப் பிடிச்சு இறக்கினாங்க. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கையில பலகை, திருப்பினேனா இல்லையான்னு மறந்துபோச்சு, இன்னொரு தடவை திருப்பினேன். சொன்னா இந்தக் குழந்தையாலதான்னு ஊர் சொல்லும், காலம் பூரா உன் கழுத்துல தொங்கும்னு விழுங்கிட்டேன். உன்னைக் கம்பிமேல ஏத்தி விட்டதே கொக்கோட ஆளா இருக்குமோன்னுகூட எத்தனை நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா, வெட்கமா இருக்கு. உன் மேல பழி போட இதை எழுதல. நீ ஏறினது குழந்தை செய்யற காரியம், திருப்பினது என் கை. நீ அன்னைக்குக் கேட்டதுக்கு இதுதான் பதில், நாங்க பேசி வெச்சுக்கல, முப்பத்தொரு வருஷமா ஒரு வார்த்தைகூடப் பேசிக்கல. நேத்து உங்கம்மாகிட்ட சொன்னேன். அரைநாள் முகத்தைத் திருப்பிக்கிட்டா. அப்புறம், இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என் பொண்ணு பக்கத்துத் தெருவுல இருந்திருப்பாளேன்னு அழுதா. 

மணியை அடுத்த வாரம் கொடுத்துடறேன். தப்பா அடிச்சவன் இன்னார்னு கீழே எழுதறதா இருந்தா எழுதட்டும், நடுவுல கூட்டுன்னு ஒரு வார்த்தை வந்தா மட்டும் பெட்டியை உடைச்சு எடுத்துக்கிட்டு வந்துடுவேன். நீ நல்லா இருக்கணும், குறை ஒண்ணும் இல்லாம நீண்ட ஆயுசோட இருக்கணும். அட்டையைப் பத்திரமா வை. உறையில என் கையெழுத்து கோணாம இருந்துதான்னு மறக்காம எழுது. மத்த இருபத்தொன்பது அட்டையிலயும் ஒரே வரிதான் இருக்கு, பாப்பா எப்படி இருக்கிறாள்னு. கடைசி அட்டையில மட்டும் எழுத்து நடுங்கி, பாப்பாங்கற வார்த்தையும் ஒரு கேள்விக்குறியும்தான். யாரோ ஒரு மனுஷன் வருஷம் தவறாம கேட்டிருக்கான். பெத்தவன் நான், இந்தக் கடிதத்தோட முதல் வரியிலகூடக் கேட்காம விட்டுட்டேன். இப்ப கேட்கறேன். பாப்பா, எப்படி இருக்கே?

பதிலை எதிர்பார்த்துக்கொண்டு,
உன் அப்பா