ஜெயஸ்ரீ பிடித்த வண்டு

காத்திவாக்கம்
4.8.2024

குணசுந்தரிக்கு மங்கை எழுதுவது.

நலமா என்று முதலில் கேட்க வேண்டுமாம். உன் நலம் கேட்க இதை எழுதவில்லை. போன் போட்டால் உன் குரல் கேட்டதும் கத்திவிடுவேன். அதனால் பேரனின் நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். நான் நாலாவது வரைதான். பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

எழில்மொழி என்று ஒரு காலேஜ் பெண் ஆற்றோரம் பூச்சி எண்ணுகிறாள். தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வந்தாள். பேச்சோடு பேச்சாக என் ஜெயஸ்ரீயின் தைலப் புட்டியை எடுத்துக் காட்டினேன். எண்பத்தாறில் ரயில் பாலத்துக்கு அடியில், சேற்றிலிருந்து என் ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கினபோது பாவாடை முடிச்சில் இருந்த அதே புட்டிதான். நான் ஒருநாளும் மூடியைத் திறந்ததில்லை. அவள் திறந்தாள். உள்ளே சுண்டுவிரல் நகமளவு ஒரு வண்டு. முதுகு இன்னும் பச்சையாக மினுக்குகிறது.

"இன்னா வண்டுன்னு காலேஜ்ல பாத்து சொல்றேன் ஆயா. எங்க புடிச்சதுன்னு தெரியணும். இடம் தெரியலன்னா இது வெறும் செத்த பூச்சிதான்" என்று வாங்கிப் போயிருக்கிறாள்.

அன்றைக்குக் கூட இருந்தவள் நீ. கையால் தடவி இறால் பிடிக்கிற ஆசையில் பிள்ளையைச் சேற்றுக்கு இழுத்துப் போய் மறந்தவள். இதற்காவது உண்மை எழுது. எங்கே பிடித்தாள்?

உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. சாம்பாரில் உப்பு அதிகம் என்று போனவர்கள் சொன்னார்கள். அதையும் மறக்கவில்லை.

மங்கை


சடையங்குப்பம்
16.8.2024

அக்காவுக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

முகத்துவாரத்தில், அலை நனைத்துவிட்டுப் போகிற மணலில் பிடித்தாள். கிட்டே போனால் ஓடும், நிற்கும், பறந்து நாலடி தள்ளி உட்காரும். வெயிலில் மத்தியானம் முழுக்கத் துரத்தினாள். "சித்தி, வுடாத, புடி புடி" என்று என்னையும் ஓடவிட்டாள். புட்டியை முடிச்சில் கட்டியது நான்தான். பிறகு கால் கழுவப் போனாள். கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறுகிற நேரம். ஒரே அலை. நான் குதித்தேன், கை எட்டவில்லை. தண்ணீர்தான் அவளை உள்ளே சேற்றுக்குக் கொண்டுபோனது.

இதையே அன்று ஊர் முன்னால் சொன்னேன். "பொய்க்காரி, என் வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்றாய். மிதிக்கவில்லை. அம்மா செத்தபோதுகூடத் தெருமுனையில் நின்றுதான் பார்த்தேன்.

குணா


காத்திவாக்கம்
27.8.2024

குணா,

உன் கடிதத்தைப் படித்து, அதே பழைய பொய் என்று அரிசி டப்பாவில் போட்டுவிட்டேன்.

நேற்று எழில்மொழி வந்தாள். உன் கடிதத்தைப் பற்றி அவளிடம் நான் மூச்சு விடவில்லை. புலிவண்டாம். இந்த வகை கடல் தண்ணீர் நனைக்கிற மணலில்தான் வளை தோண்டி வாழுமாம். "சேத்துல இருக்காதா?" என்று நாலு தரம் கேட்டேன். "இருக்காது ஆயா. மணல்ல ஓடும், நிக்கும், பறந்து கொஞ்ச தூரம் தள்ளி உக்காரும்" என்றாள். எழுந்து போய் டப்பாவில் கைவிட்டு உன் கடிதத்தை எடுத்தேன்.

கூடப் பிறந்தவள் சொன்னபோது நம்பவில்லை. செத்த வண்டு சொல்லி நம்பினேன். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று நாலாவதில் சொல்லித்தரவில்லை.

வண்டுக்கு ஒரு சின்னச் சீட்டு எழுதினாள். பிடித்தது ஜெயஸ்ரீ. இடம் எண்ணூர் முகத்துவார மணல். தேதி நான் சொன்னேன். கூட இருந்தவள் என்று உன் பெயரையும் போடச் சொன்னேன். இடமில்லை என்றாள். "பின்னாடி எழுது" என்றேன். எழுதினாள்.

வாசற்படியை மிதி. வா.

அக்கா


காத்திவாக்கம்
9.12.2024

குணா,

உன் வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வந்ததா? போன கடிதம் திரும்பி வரவில்லை. அதனால் கிடைத்திருக்கும்.

மழைக்கு முன்னால் எழில்மொழி என்னை ஆட்டோவில் மணலுக்குக் கூட்டிப்போனாள். ஒன்று ஓடியது, நின்றது, பறந்து நாலடி தள்ளி உட்கார்ந்தது. நீ எழுதின மாதிரியேதான். "புடி" என்று சொல்லத்தான் ஆளில்லை.

நான் முப்பத்தெட்டு வருஷம் கோபத்தை வைத்திருந்தேன். உனக்கு மூன்று மாசம்தான் ஆகிறது. வைத்துக்கொள்.

பகலில் நான் கதவைச் சாத்துவதில்லை.

உன் அக்கா