ஏழாம் கிணற்றில் ஏறிய தண்ணீர்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஏழாம் எண்ணெய்க் கிணறு: நூற்றுக்கு முப்பத்தொன்று தண்ணீர். போன வாரம் இருபத்திரண்டு. மாதிரியை மறுபடி இயந்திரத்தில் சுழற்றிப் பார்த்தேன், அதே முப்பத்தொன்று. இந்த வேகத்தில் ஏறுகிறது என்றால், குழாயைச் சுற்றிப் பூசிய சிமென்ட் எங்கோ விட்டுப்போய், அடியில் கிடக்கும் தண்ணீர் அந்த வழியாக மேலே வருகிறது. இப்போதே கிணற்றை மூடி, அந்த இடத்தில் சிமென்ட் செலுத்தி அடைத்தால் பிழைக்கும். மூன்று வாரம் உற்பத்தி நிற்கும், அவ்வளவுதான்.

சாரிடம் சொன்னேன். ஆபீசில்தான் சார். வீட்டில் அக்கா புருஷன், இந்த வேலையை வாங்கிக் கொடுத்த அத்தான். நான் குடியிருப்பதும் அவர் வீட்டு மாடியில்.

பிப்ரவரி 4

அத்தான் ஆய்வுக்கூடத்துக்கே வந்தார். உட்காரவில்லை.

"பாட்டிலை ஏம்மா அந்தக் குலுக்கு குலுக்குற? கொஞ்ச நேரம் அப்படியே வச்சிட்டு மேலாக எடுத்துப் பாரேன்."

"தண்ணி அடியில தங்கிடுமே."

"எனக்குத் தெரியாதா? அடுத்த மாசம் தலைமை ஆபீஸ் போஸ்டிங் முடிவாகுது. இப்பப் போய் கிணத்தை மூடுவேனா? ஒரு மாசம் பொறு. அப்புறம் நானே மூடுறேன்."

மேலாக எடுத்தேன். இருபத்துநாலு. பொய் எழுதவில்லை, வந்ததைத்தான் எழுதினேன் — என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 17

குலுக்கினால் நாற்பத்தாறு. குலுக்காவிட்டால் இருபத்தாறு. இருபத்தாறுக்குக் கீழே என் கையெழுத்து.

பிப்ரவரி 22, ஞாயிறு

அக்காவிடம் வாயைத் திறந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏழாம் கிணறு இருக்கே அக்கா" என்பதற்குள், "ஆபீஸ் சங்கதியை வீட்டுக்குள்ள கொண்டு வராதே. உன் வேலைக்காக அவர் எத்தனை பேர்கிட்ட கெஞ்சினார் தெரியுமா?" என்றாள்.

தெரியும். பதினெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன். மீதித் துணியை நான் மடித்தேன்.

மார்ச் 9

ஏழு போய்விட்டது. வெறும் உப்புத் தண்ணீர், மேலே பேருக்கு ஒரு எண்ணெய்ப் படலம். சிமென்ட் குழுத் தலைவர் வந்து பார்த்தார். "போன மாசம் கூப்பிட்டிருந்தா அடைச்சிருப்பேன். இப்ப எதை அடைக்க?" பொதுவாகத்தான் கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அத்தானுக்குப் போஸ்டிங் வெள்ளிக்கிழமையே உறுதியாகிவிட்டதாம். வீட்டில் ஒரே கலகலப்பு. நான் தலைவலி என்று மாடிக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 12

விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இத்தனை தண்ணீர் எப்படி அறிக்கையில் வராமல் போனது என்றார்கள். குலுக்காமல் மேலாக எடுத்தேன் என்றேன்.

"யாராவது அப்படிச் செய்யச் சொன்னாங்களா?"

அத்தான் ஓரத்து நாற்காலியில் செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்வார், இப்போது ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அக்கா ஞாபகம் வந்தது.

"இல்ல" என்றேன்.

இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏண்டி அப்படிச் சொன்ன? யாருக்காகச் சொன்ன? அந்த மனுஷன் தலையைக்கூடத் தூக்கலையே.

மார்ச் 20

உத்தரவு வந்தது. இனி எனக்கு ஆய்வுக்கூடம் இல்லை. உதிரிப் பொருள் கிடங்கு. வால்வுக்கும் போல்ட்டுக்கும் சீட்டு ஒட்ட வேண்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்கா குடும்பம் கிளம்பியது. காலையிலிருந்து லாரியில் சாமான் ஏற்ற உதவினேன். எல்லாம் ஏற்றி முடித்ததும் அக்கா என்னைத் தனியாக அழைத்துப் போனாள்.

"உன்னை வேலையை விட்டே தூக்கறதாத்தான் இருந்தாங்களாம். இவர்தான் அவங்க கையைக் காலைப் பிடிச்சு, கிடங்கோட நிறுத்தியிருக்கார். போ, ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டு வா."

அவள் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே நம்புகிறாள்.

போய்ச் சொன்னேன்.

"விடும்மா," என்றார் அத்தான், கார் கதவைத் திறந்துகொண்டே. "தப்பு பண்ணாதவங்க யாரு."