பழுதானது மைக் இல்லை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கை மூவரும் நலம். தம்பியும் நலம்தான், ஆனால் அதை வாயால் சொல்ல மாட்டேன் என்று நேற்று வரை ஒரு வாரம் ஊமை வேஷம். நீயாவது வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், சிரிப்பதை எல்லாம் படிக்கும்போதே சிரித்துத் தீர்த்துவிடு. நம் துணிக்கடையில் சனிக்கிழமை மைக்கில் கூவுவது அவன் வேலை, கணீரென்று கூவுவான். போன சனிக்கிழமை வாங்கம்மா வாங்க என்று ஆரம்பித்தான், முதல் வாங்க கீச்சென்று வந்தது, அடுத்தது பீப்பாய்க்குள் இருந்து வந்தது. துண்டு விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் அதைப் போட்டுவிட்டுச் சிரித்தார். நான் மைக் போச்சு என்று முடிவு கட்டி, அதைத் தூக்கிக்கொண்டு அவனையும் இழுத்துக்கொண்டு மைக் கடைக்குப் போய், வாங்கின மாசமே பல்லிளிக்கிற சாமானை என் தலையில் கட்டினாயே என்று சண்டை போட்டேன். அந்த ஆள் பேசிப் பார்த்தான், நன்றாக இருந்தது. நான் பேசினேன், தெருவுக்கே கேட்டது. தம்பி பேசினான், மறுபடி கீச்சும் பீப்பாயும். அக்கா, மைக்குக்கு ஒண்ணும் இல்ல, உங்க பையனுக்குத்தான் மீசை வரப்போகுது, மாத்திக் குடுக்க எங்கிட்ட வேற பையன் இல்ல என்று அவன் சொன்னதும் கடையே சிரித்தது. அன்று மூடினவன்தான் வாயை.

உனக்கு இது நடந்தபோது விடுதியில் இருந்தாய், விடுமுறைக்கு அப்பா குரலோடு வந்து இறங்கினாய், நடுவில் இப்படி ஒரு கட்டம் இருப்பதை நான் எங்கே கண்டேன்? அப்பாவைப் பேசச் சொன்னால் துணி மடிக்கப் போய்விடுகிறார், மடித்ததையே மடிக்கிறார். நானே உட்காரவைத்து, குரல் உடைவதும் பரு வருவதும் அக்குளில் முடி முளைப்பதும் வேர்வை நாறுவதும் உடம்பு வளர்கிற வேலை, குரல் போகப் போகப் படிந்துவிடும், பருவைக் கிள்ளாதே, தினமும் சோப்புப் போட்டுக் குளி என்றேன். அவன் எழுந்துபோய்ச் சுவரோடு நின்று பென்சிலால் தன் உயரத்துக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தங்கையின் கோட்டைக் காட்டினான். இரட்டைப் பிள்ளைகளில் அவள் மட்டும் ஒரு சாண் கூடிவிட்டாளே, ஐயாவுக்கு அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது. பெண்பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள், பையன்கள் அப்புறம் வளர்வார்கள் என்றேன், நம்பவில்லை.

தங்கை நேர் எதிர். முதல் மாதவிலக்கு வந்த அன்று கடையில் ஆள் இருக்கும்போதே, அம்மா, எனக்கு வந்துடுச்சு, பேட் எங்கே என்று மாடியில் இருந்து கத்தினாள், அப்பா அரை மீட்டருக்குப் பதில் ஒரு மீட்டர் வெட்டிவிட்டார். நேற்று அவள்தான் இவனிடம் போய், எனக்கு வயிறு வலிக்குது, முகமெல்லாம் பரு, போன மாசம் வாங்கின சட்டை பத்தல, நான் என்ன வாயை மூடிக்கிட்டா இருக்கேன், நீ சொன்னது ரெண்டே ரெண்டு வாங்க, அதுக்கு இந்தப் பாடாடா என்று கேட்டாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் இரண்டு குரலில் வந்தது, அதைக் கேட்டு அவனே இன்னும் சிரித்தான். அப்புறம்தான் வாயைத் திறந்து, அண்ணனுக்கும் இப்படித்தான் உடைஞ்சுதா என்று கேட்டான். எனக்கென்ன தெரியும், அவனையே கேள் என்று சொல்லிவிட்டேன்.

உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், செய்கிற வேலை கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தம்பி உனக்குப் போன் செய்வான். எடுத்ததும் யார் பேசுவது என்று மட்டும் கேட்டுத் தொலைக்காதே.

உன் பிரியமுள்ள,
அம்மா