கடற்காகம் தின்ற புளிச்சோறு

30 நவம்பர் 1969

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், மங்கலம் தறிக்காரர் வீதி, பனியன் கம்பெனி சென்னியப்பன் அவர்களின் ஏக புத்திரனும் பத்தாம் வகுப்பு மாணவனுமாகிய குமாரசாமியின் மேலுதட்டில் இன்று காலை முடி ஒன்று முளைத்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்: அக்கா கமலாம்பாள். அது முடியில்லை, பஞ்சு என்று அரை நிமிடத்தில் அவளே ஊதியும் விட்டாள். அறிவிப்பு வாபஸ்.

இன்னொரு செய்தி. அக்காவுக்கு ஜாதகம் வந்திருக்கிறது. வேதாரண்யமாம். மூணு ரயில் மாறவேண்டும். மாப்பிள்ளை வேதரத்தினம், உப்பு ஆபீசில் வேலை. உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவர், சொரணை இருக்கும் என்றேன். அப்பா முறைத்தார்.

"அத்தன தொலவுல குடுத்துட்டு புள்ள மூஞ்சியப் பாக்கறது எப்பொ?" என்று அம்மா. "நம்ம சனந்தானே," என்று அப்பா.

யாரும் கவலைப்பட வேண்டாம். இது நடக்காது. அவிநாசி மாப்பிள்ளை முதுகில், பழுதான பனியன் கட்டுக்கு ஒட்டுகிற 'செகண்ட்ஸ் — திருப்பி எடுத்துக்கொள்ளப்படாது' என்ற கம்பெனிச் சீட்டை ஒட்டி அனுப்பியவன் நான். ஈரோட்டு மாப்பிள்ளை குடித்த காப்பியில் உப்பு. இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. இவர் உப்பு ஆபீஸ் என்பதால் காப்பியை மாற்றி யோசிக்கவேண்டும். அவ்வளவுதான்.

4 டிசம்பர்

அக்கா போனால் சயின்ஸ் ரெக்கார்டில் படம் யார் வரைவது? இந்தக் கோணத்தில் வீட்டில் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

11 டிசம்பர்

சாமியப்பன் மாமா விசாரித்து வந்து சொன்னார். பையனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடற்கரைக்குப் போய்ப் பறவைகளை எண்ணுவானாம்.

"எண்ணி?" என்றார் அப்பா.

"எண்ணீட்டு ஊட்டுக்கு வந்துருவானுங்க."

"பைத்தியமாடா சாமியப்பா?" என்று அம்மா.

"இல்லீங்க்கா. மத்தபடி நல்ல பையன்."

எனக்கு நம்பிக்கை வந்தது. இவரைக் கிளப்பச் சீட்டே தேவையில்லை.

21 டிசம்பர்

லீவு விட்டதும் மாப்பிள்ளை ஊடு பார்க்க மாமாவும் நானும் போகிறோம். என்னைச் சேர்த்தது அக்கா. நான் இல்லாவிட்டால் மாமா திருச்சியிலேயே தொலைந்துபோவார் என்றாளாம். அப்பா ஒத்துக்கொண்டார். மாமாவும் ஒத்துக்கொண்டதுதான் வேடிக்கை.

மாமா எனக்கு ஒரே ஒரு சட்டம் போட்டார். "டேய், அங்க தண்ணி குடிக்கலாம். வேற ஒண்ணும் வாயில வெக்கக் கூடாது. கை நனைச்சுட்டா பொண்ணுக் குடுக்கச் சம்மதம்னு அர்த்தம். பொறவு மாத்திப் பேச முடியாது, பாத்துக்க."

நானாவது, கை நனைப்பதாவது. குளிக்கும்போதே யோசிக்கிறவன்.

சாயங்காலம் பனியன் மடித்துக்கொண்டே அக்கா கூப்பிட்டாள். எங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் எட்டுத் தறி, அந்தப் பக்கம் ஆறு. ரகசியம் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தில் கத்தினாள்: "கண்ணு, மாப்பிள்ளை எப்படி, ஊடு எப்படிங்கறதெல்லாம் மாமா பாத்துக்குவாரு. நீ ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு வா. அங்க நின்னா என்ன சத்தம் கேக்குதுன்னு. வந்து நெசத்தச் சொல்லோணும்."

"நான் எப்பொக்கா பொய் சொன்னேன்?"

சிரிக்கவில்லை. "நெசத்தச் சொல்லோணும்," என்றாள் மறுபடியும்.

என்ன சொல்வது என்று இப்போதே எழுதி வைத்துவிட்டேன்: 'வீட்டுக்குப் பின்னாலேயே இருபத்துநாலு தறி, அக்கா. காது கிழியுது.'

28 டிசம்பர், வேதாரண்யம்

நிறைய எழுதவேண்டும். பயணிகள் தங்கும் சத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மாமா தூங்குகிறார்.

காலையில் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மா, "வாங்க, குந்துங்க" என்றார். மாமா எங்கள் தறி வீதி வழக்கப்படி நலம் விசாரித்தார். நானும் விசாரித்தேன். அந்த அம்மாள் பயந்துபோய் மகனிடம், "ஏம்ப்பா, வந்ததும் வராததுமா எதுக்குச் சண்டை போடுறாங்க?" என்றார்.

"சண்டை இல்லம்மா. நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாங்க," என்றார் வேதரத்தினம். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இட்லி வந்தது. மாமா, "இப்பத்தானுங்க வவுறு நெறையச் சாப்டோம்," என்றார். நாங்கள் கடைசியாகச் சாப்பிட்டது நேற்று மத்தியானம். மாமா மூன்று சொம்பு தண்ணீர் குடித்தார். அந்த வீட்டில் தறிச் சத்தம் என்று ஏதாவது கேட்டதென்றால் அது மாமாவின் வயிறுதான்.

பெரியவர்கள் பேசட்டும் என்று மாப்பிள்ளை என்னை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கோடியக்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கழுத்தில் ஆபீசில் கழித்துப் போட்ட பைனாகுலர். ஒரு கண்ணில்தான் தெரியும். பாதி விலைக்கு வாங்கினீர்களா என்று கேட்டேன். "பறவையும் பாதிதான் தெரியும் தம்பி. மீதிய நம்பிக்கணும்," என்றார்.

ஒரு பக்கம் சேறும் உப்புத் தண்ணீரும். மறு பக்கம் கடல். கடல் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. பெரியது. அவ்வளவுதான்.

சேற்றில் பூநாரை. காலெல்லாம் சிவப்பு. எங்கள் ஊர்ச் சாயமாக இருக்குமோ என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். தண்ணீரில் நின்றும் வெளுக்கவில்லை. எங்கள் ஊர்ச் சாயம் இல்லை. அப்புறம் ஊசிவால் வாத்து, கூட்டங்கூட்டமாக. தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பின்புறத்தை வானத்துக்குக் காட்டின. இதையே நான் வகுப்பில் செய்தால் பெஞ்சு மேல் ஏற்றுகிறார்கள்.

அத்தனையையும் எப்படி எண்ணுவீர்கள் என்றேன். பத்தை ஒழுங்காக எண்ணி, அது கட்டைவிரலுக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்து, பிறகு விரலை நகர்த்திக்கொண்டே போவாராம். கம்பெனியில் ஒரு டஜனைக் கட்டி, மற்றதையெல்லாம் அதே உயரத்துக்கு அடுக்குவோம். அதே வித்தை. என் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். எதிரியைப் புகழக்கூடாது.

பிறகு கடலோரம் கடற்காகம். நன்றாக வெளுத்த பனியன் மாதிரி இருந்தது. இறக்கை நுனியில் மட்டும் கறுப்பு. மை பட்டுச் செகண்ட்சில் போகிற சரக்கு.

"பழுப்புத்தலைக் கடற்காகம்," என்றார்.

"தல வெள்ளையா இருக்குதுங்களே?"

"குளிர்காலத்துல வெள்ளையாயிரும். வெயில் வந்தா பழுப்பாகும்."

"அப்பொ வந்து பாக்கறனுங்க."

"அப்ப பறவை இங்க இருக்காது. இமயமலைக்கு அந்தாண்ட போயிரும்."

பத்து வருடமாக நான் சொல்லிவந்த எந்தப் பொய்யும் இவ்வளவு வசதியாக அமைந்ததில்லை. அவரைப் பார்த்தேன். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையைத் தொடங்கினேன். "எங்கக்கா ராத்திரியில எந்திரிச்சு, தூக்கத்துலயே பனியன் மடிப்பாங்க. போர்வை, வேட்டி, எது கெடச்சாலும் நாலா மடிச்சு டஜன் கட்டிருவாங்க."

"நல்லதாப்போச்சு. நான் தூக்கத்துல எண்ணுவேன்," என்றார்.

வேறு மாப்பிள்ளையாக இருந்தால் அந்த இடத்திலேயே சைக்கிளைத் திருப்பியிருப்பார்.

மத்தியானம் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். அவருடைய அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. இனி நடந்ததை வரலாறு கவனிக்கட்டும். நான் வேண்டாம் என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வானத்திலிருந்து ஒரு கடற்காகம் சர்ரென்று இறங்கி இலையோடு கவ்வியது. அடுத்தவர் சோறு ஆயிற்றே என்று பாய்ந்து பிடுங்கினேன். அது இழுக்க, நான் இழுக்க, சோறு அதற்கு, கறை எனக்கு. ஐந்து விரலும் மஞ்சள்.

திரும்பியதும் மாமா கையைப் பார்த்தார். "என்றா இது?"

நடந்ததைச் சொன்னேன். மாமா மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர், "ஆமாங்க. பழுப்புத்தலைக் கடற்காகம். ரெண்டு வயசிருக்கும்," என்றார்.

மாமா என் விரலை மோந்து பார்த்தார். "நனைஞ்சது நனைஞ்சதுதான்," என்று சொல்லி இலை போடச் சொன்னார். மூன்று தரம் சோறு வாங்கினார்.

சாப்பிட்டு எழுந்து, "ஆனாலும் கமலாவ ஒரு வார்த்த கேக்காம நான் தட்டு மாத்த உட மாட்டனுங்க," என்றும் சொன்னார். ஆகையால் எனக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இருபத்துநாலு தறி.

30 டிசம்பர்

வந்து சேர்ந்தோம். அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

18 ஜனவரி 1970

நிச்சயதார்த்தம். கடற்காகக் கதை பல்லடம் வரை போய்விட்டது. பறவையே வந்து சம்மதம் வாங்கியிருக்கிறது, எல்லாம் முருகன் செயல் என்கிறார் அப்பா. பந்தலில் நான்கு முறை சொல்லவைத்தார்கள். நான்காம் முறை சொல்லும்போது இறக்கை ஆறடி. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, "அஞ்சேமுக்கால்," என்று திருத்தினார்.

மாலையில் அக்கா என் காதோடு கேட்டாள்.

"ஏண்டா, அந்தக் காக்கா கறிவேப்பிலையெல்லாம் பொறுக்கி எல ஓரமா வரிசையா வெச்சுதாமே?"

"யார் சொன்னா?"

"எண்ணுனவங்க சொன்னாங்க."

கறிவேப்பிலையை அப்படி வைக்கிற பிராணி இந்த ஜில்லாவில் ஒன்றுதான். ஓடி வந்துவிட்டேன்.

9 பிப்ரவரி

கல்யாணம் முடிந்து இன்று காலை வண்டியில் ஏற்றிவிட்டு வந்தோம். அம்மா அழுதாள். அப்பா பிளாட்பாரத்தில் யாரோ ஒருவருடைய மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தார். மாமா ஈரோடு வரைக்கும் போகிறேன் என்று ஏறியவர், இன்னும் வரவில்லை. ரயில் நகரும்போது மாப்பிள்ளை என்னை, 'மச்சான் என்ன எழுதியிருப்பான் என்று எனக்குத் தெரியும்' என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். ஆகையால் எழுதிவிடுகிறேன்.

கடற்காகம் எதுவும் வரவில்லை. அவை அரை பர்லாங் தள்ளி, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அலை ஓரத்தில் நின்றன.

நடந்தது இதுதான். மாப்பிள்ளை பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்துவிட்டு, சாப்பிடு என்றுகூடச் சொல்லாமல் பைனாகுலரோடு திரும்பி உட்கார்ந்துகொண்டார். எனக்கு அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. என்ன சத்தம் என்று கேட்டேன். காற்று. தண்ணீர். தூரத்தில் வாத்து. அவ்வளவுதான். "நல்லா இருக்குதுங்க," என்றேன். நான் கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டது. பிறந்ததிலிருந்து நான் மெதுவாகப் பேசி ஒருத்தருக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எழுந்து போய்க் கடலில் கை கழுவினேன். தெரிந்தேதான் கழுவினேன். வந்து உட்கார்ந்து முழுப் பொட்டலத்தையும் தின்றேன். அவருக்கு ஒரு வாய்கூட வைக்கவில்லை.

30-ம் தேதி அக்காவிடம், "காத்தும் தண்ணியும்தான்," என்றேன். தறி ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. அவள் மடித்துக்கொண்டிருந்த பனியனைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொருக்காச் சொல்லு," என்றாள். சொன்னேன். அப்புறம் மாமாவிடம் போய்ச் சரி என்றாள்.

இன்னும் ஒன்று. அவிநாசி மாப்பிள்ளை முதுகுச் சீட்டு வாசல் தாண்டும் முன்பே கீழே விழுந்துவிட்டது. அவர்கள் வராததற்குக் காரணம் செவ்வாய் தோஷம். ஈரோட்டுக்காரரை வேண்டாம் என்றது அக்கா. உப்புக் காப்பியைக் குடித்தது நான். டம்ளர் மாறிவிட்டது.

சயின்ஸ் ரெக்கார்டில் நாளைக்கு வாத்துப் படம் வைக்கவேண்டும். நானே வரைந்தேன். அம்மா பார்த்துவிட்டு, செருப்பு நன்றாக வந்திருக்கிறது என்றாள்.