பாறையில் நின்ற தண்ணீர்

சில்ஸ்
சுவிஸ், 12.06.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

வதனி எழுதுகிறேன். என் எழுத்தைக் கண்டதும் கடிதத்தை மடித்து வைத்துவிடாமல் முழுவதையும் வாசியுங்கள். தொலைபேசி எடுத்தால் அண்ணிதான் கதைக்கிறா. நீங்கள் குளிக்கிறீர்கள் என்கிறா. ஒரு மனிசி இவ்வளவு குளித்திருந்தால் உங்கள் ஊர்த் துன் ஏரி இதற்குள் வற்றியிருக்கும்.

நானும் ரேற்றோவும் பதிவுத் திருமணம் செய்து மூன்று வருடமாகிறது. நீங்கள் எங்கள் வாசற்படி மிதிக்கமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. எங்கள் ஊருக்கு மேலே, காட்டுக்குள், கார்ஷென்னா என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே பாறைகளில் ஆதிகாலத்து மனிதர்கள் வட்டங்களும் குழிகளும் குதிரைகளும் கொத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் மூவாயிரம் வருடத்துக்கு மேல் என்கிறார்கள். மண்ணும் பாசியும் மூடிக் கிடந்ததை முப்பது வருடத்துக்கு முன்தான் கண்டுபிடித்தார்களாம். ரேற்றோவுக்கு இந்தக் காட்டைப் பார்க்கிற வேலை என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு அவர்தான் கூட்டிப்போய்க் காட்டுகிறார்.

காடு ஒருவருடைய வீடும் இல்லை, அம்மா. அங்கே வந்து நின்றால் உங்கள் வைராக்கியத்துக்கு ஒரு குறையும் வராது. அண்ணாவுக்கு அடுத்த மாதம் லீவாம். அவரோடு வாருங்கள். ரேற்றோவை ஒரு தடவை முகத்துக்கு முகம் பாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

உங்கள் மகள்
வதனி


துன்
20.06.1994

மகள் வதனிக்கு அம்மா எழுதுவது,

மூட்டு வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். கொண்ணனுக்கு ஹோட்டல் குசினியில் வேலை கூட. உன் அண்ணி சிவகலா சுகம். அவர்கள் மகள் தனுஷியா ஜெர்மன் மொழியில் என்னோடு சண்டை பிடிக்கிறாள், நான் தமிழில் வெல்லுகிறேன்.

குளித்தது உண்மைதான். ஆனால் எல்லா நேரமும் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் உன்னைப் போல் எழுத்துப் பிழை விடுவதில்லை. இந்தக் கடிதத்திலும் நாலு பிழை. வைராக்கியம் என்ற சொல்லை மட்டும் சரியாக எழுதியிருக்கிறாய்.

நீயும் கேள். கொப்பா தன் தங்கை சந்திரமதியோடு வேலிச் சண்டையில் முறிந்த பிறகு, அவள் மகளின் திருமணத்துக்குப் போனவர். தாலி கட்டும் வரை நின்று, அட்சதை போட்டு, பந்தியில் இருக்காமல் திரும்பி வந்தவர். மனம் ஒத்துப்போகாத வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டோம் என்று ஆகிவிடும். எனக்குச் சொல்லாமல், பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்துச் செய்த கலியாணத்தை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகவே கல்லைப் பார்க்க வருகிறேன். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் தண்ணீரும் கட்டிக்கொண்டு வருவேன். எங்களுக்காக ஒன்றும் ஆயத்தம் செய்ய வேண்டாம் என்று அந்தப் பிள்ளையிடமும் சொல்லு.

கொண்ணன் சிரிக்கிறான். "இஞ்ச துன்னில கல்லு இல்லையோ அம்மா, நாலு மணித்தியாலம் ரயிலில போய்ப் பாக்கிறதுக்கு?" என்கிறான். இருந்தும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டான்.

அம்மா


துன்
14.07.1994

மகள் வதனிக்கு,

நல்லபடி வந்து சேர்ந்தோம். கூரில் ரயில் மாறும்போது கொண்ணன் குடையை விட்டுவிட்டான். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

நான் அந்தக் கல்லைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் நினைத்து வரவில்லை. ஜீப்பை விட்டு இறங்கி, காட்டுப் பாதையில் மூச்சு வாங்கி ஏறும்போது உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் ஏறினேன். பிறகு மரம் விலகி, அந்தப் பாறை வெயிலில் கிடந்ததைப் பார்த்ததும் அந்தத் திட்டு நின்றுவிட்டது. வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். யாரோ தேன்குழல் பிழிந்து காயவைத்த மாதிரி. குதிரையில் போகிறவனைப் பார்க்கத்தான் சிரிப்பு வந்தது. தனுஷியா முதலாம் வகுப்பில் அதைவிட நன்றாகக் கீறியிருப்பாள். ஆனால் அவளுடையது சுவரில் ஒரு மாதம் இருக்கவில்லை.

எதற்காகக் கொத்தினார்கள் என்று நீ கேட்டு அந்தப் பிள்ளை ஏதோ சொன்னார். ஒருவருக்கும் தெரியாதாம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்தது. சறுக்கும் இடத்தில் எனக்குத் தடி வெட்டிக் கொடுத்ததும் நல்ல பழக்கம். வளர்த்தவர்கள் வளர்த்திருக்கிறார்கள்.

என் போத்தல் தண்ணீர் வழியிலேயே முடிந்துவிட்டது. முதல்நாள் பெய்த மழை பாறைக் குழிகளில் தெளிந்து நின்றது. நாலைந்து குழியிலிருந்து உள்ளங்கையில் கோலிக் குடித்தேன். அப்படி ஒரு குளிர்மை. தாகமும் அடங்கிவிட்டது.

நீ மெலிந்து போயிருக்கிறாய். முகமும் வெளிறிக் கிடக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


சில்ஸ்
02.08.1994

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் குடை இருக்கிறது, தேன்குழல் இருக்கிறது. தேத்தண்ணி இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ரேற்றோ உங்களுக்காக அண்ணியிடம் தொலைபேசியில் கேட்டு, இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி வைக்கப் பழகினார். வேலைக்குப் போகமுன் ஒவ்வொரு காலையும் வைத்துப் பார்ப்பார். கசந்ததையெல்லாம் குடித்து முடித்தது நான். தமிழர் ஒருவருடைய கோப்பையில் இன்னொருவர் குடிக்கமாட்டார்கள் என்று எங்கேயோ கேட்டுவிட்டு, உங்களுக்கென்று வாய் படாத புதுக் கோப்பை ஒன்று வாங்கி வந்தார். நீங்கள் ஒன்றும் ஆயத்தம் செய்ய வேண்டாம் என்று எழுதியதை நான் அவருக்குச் சொல்லவில்லை. ஆசைப்பட்டுச் செய்கிற மனிதனிடம் அதை எப்படிச் சொல்வது?

உங்கள் போத்தல் வெறுமையானதைப் பார்த்துத்தான் அவர் ஃப்ளாஸ்கைத் திறந்து ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினார். நீங்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் கையை அசைத்தீர்கள். பிறகு, அவர் அந்தக் கோப்பையோடு நிற்கும்போதே, குனிந்து பாறைக் குழியில் நின்ற தண்ணீரை அள்ளிக் குடித்தீர்கள்.

உங்களை ரயில் ஏற்றிவிட்டு வரும்போது அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரப்பால் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தன் மொழியில்தான் கேட்டார். நான் நம் மொழியில் எழுதுகிறேன்: "என்ர கையைப் பாத்தோ உன்ர அம்மா வேண்டாம் எண்டவா?"

உங்களுக்கு வயிற்றுக் கோளாறு என்று பொய் சொன்னேன். மழைத்தண்ணீரைக் குடித்த வயிறு எப்படித் தேத்தண்ணிக்குக் கோளாறு ஆகும் என்று கேட்டார். அதன் பிறகு அப்பாவின் கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆரென்றே தெரியாத ஆட்கள் குடைந்த குழியில் குடித்தீர்கள். உங்கள் மகளோடு வாழ்கிறவர் ஊற்றியதைக் குடிக்கவில்லை.

நான் மெலிந்த காரணத்தையும் சொல்கிறேன். எனக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது. தைப்பொங்கலை ஒட்டிப் பிறக்கும். நீங்கள் தேத்தண்ணி குடித்ததும் அந்த இடத்திலேயே சொல்லலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம்.

இனி நான் கூப்பிடப் போவதில்லை.

வதனி


துன்
11.08.1994

என் பிள்ளை வதனிக்கு,

உன் கடிதத்தைச் சாமி அறையில் வைத்துத்தான் வாசித்தேன். சிவகலாவுக்குச் சொன்னதும் அவள் அழுதாள். நான் அழவில்லை. பாயாசம் வைக்கச் சொன்னேன்.

நீ எழுதியது முழுக்க நியாயம் இல்லை. நான் அவருடைய கையைப் பார்க்கவே இல்லை. கறை இருந்தது என்பதே நீ எழுதித்தான் தெரியும். அந்தப் பாறையைக் கொத்தினவர்கள் எனக்கு என்ன செய்தார்கள்? அவர்கள் என்னைக் கேட்காமல் என் மகளைக் கொண்டுபோகவில்லை. அவர்களுடைய தண்ணீரைக் குடித்தால் நான் ஒன்றையும் ஒப்புக்கொண்டதாகாது. இது உனக்கு விளங்கும் என்று நினைத்தேன்.

பிள்ளை வயிற்றில் இருக்கிறது என்று நீ ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளைக்காக அந்தத் தேத்தண்ணியைக் குடித்திருப்பேன். ஏன் மறைத்தாய்? தாயிடம் மறைக்கிற விஷயமா அது?

பப்பாசி சாப்பிடாதே. பாரம் தூக்காதே. முதியோர் இல்லத்தில் நீ ஆட்களைத் தூக்கி இருத்துகிற வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லு. உடனே பதில் எழுது.

அம்மா


துன்
20.11.1994

என் பிள்ளை வதனிக்கு,

பதில் இல்லை. கொண்ணனோடு கதைக்கிறாயாம். அவன் தொலைபேசியை என்னிடம் நீட்டினால் நீ குளிக்கப் போய்விடுகிறாயாம். சரி, அது எனக்கு வேண்டியதுதான்.

சரக்குத்தூள் இடித்து அனுப்பியிருக்கிறேன். மிளகும் மல்லியும் வேர்க்கொம்பும் பேர்ண் கடையில் வாங்கினது, மஞ்சள் ஊரிலிருந்து வந்தது. பிள்ளை பெற்ற பிறகு மீன் கறியில் போட்டுச் சாப்பிட வேண்டும். எப்படிப் போடுவது என்று தனித் தாளில் எழுதியிருக்கிறேன். அங்கே சமைக்கிறது யார் என்று எனக்குத் தெரியாது. அவராக இருந்தால் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லு.

போன தடவை எழுதியதை நானே பல தடவை மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன். "அந்தப் பிள்ளைக்காகக் குடித்திருப்பேன்" என்று எழுதிய இடத்தில் எனக்கே வாய் கசக்கிறது. பிறக்காத பிள்ளைக்கு இறங்குகிற தேத்தண்ணி, முன்னால் நிற்கிற மனிதனுக்கு ஏன் இறங்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய்.

வரட்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்க முகம் இல்லை. நீ வா என்றால் வருவேன். புட்டுக் கட்டிக்கொண்டு வரமாட்டேன். உன் வீட்டில், யார் சமைத்தாலும், இருந்து சாப்பிடுவேன்.

அம்மா


சில்ஸ்
18.01.1995

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒன்பதாம் தேதி மகள் பிறந்தாள். லீனா என்று பெயர். இரண்டு பக்கத்தாருக்கும் வாயில் வரும் என்று வைத்தோம். மூக்கு என் அப்பாவுடையது. எனக்கு எழும்பி நடக்கக் கஷ்டமாக இருக்கிறது. இரவும் பகலும் உங்களைத்தான் நினைக்கிறேன். வாருங்கள் அம்மா. மாசி நடுப்பகுதியில் வந்து இரண்டு கிழமை நில்லுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீங்கள் நிற்கும் நாட்களில் ரேற்றோ இங்கே இருக்கமாட்டார். ஆந்தேரில் தன் அம்மா வீட்டில் தங்கி அங்கிருந்து வேலைக்குப் போவார். உங்கள் ஆவணிக் கடிதத்தை அப்போதே அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். கோபத்தில் செய்த வேலை. பிறகு வந்த கடிதத்தையும் வாசித்தேன்தான். ஆனால் முதலாவதுதான் அவர் மனதில் நின்றுவிட்டது.

"உன்ர அம்மா பிள்ளைக்காக வாறா, வரட்டும். நான் முன்னால இருந்தா அவவுக்குச் சோறு இறங்காது. இந்த நேரத்தில உனக்கு அவ வேணும்" என்கிறார். நான் மறித்துப் பார்த்தேன், கேட்கவில்லை. உங்களை மதிப்பதாகவே அவர் நினைக்கிறார்.

சண்டை பிடிக்க எனக்கு இப்போது பலம் இல்லை. வாருங்கள்.

உங்கள் மகள்
வதனி


துன்
06.03.1995

என் பிள்ளை வதனிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். லீனாவின் வாசம் இன்னும் என் சேலையில் இருக்கிறது. சிவகலாவைத் தோய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு வயிறு ஊதினால் ஓமத்தண்ணி கொடு. தலைக்கு எண்ணெய் வைக்கிறபோது உச்சியை அழுத்தாதே.

உன் வீட்டில் இரண்டு கிழமை சாப்பிட்டேன். கை நனைக்கிறேன் என்று எழுதியதைச் செய்தேன். செய்துவிட்டால் மனப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

முதல்நாள் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். பார்லி சூப்பு, மீன், உனக்குச் சரக்குக் கறி என்று பாத்திரம் பாத்திரமாக அவர் சமைத்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்கு மரக்கறி மட்டும் போட்டுத் தனிப் பாத்திரம். நான் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவதில்லை என்று யாரிடம் கேட்டாரோ. சரக்குக் கறியில் உப்புச் சரியாக இருந்தது. நான் இருந்து சாப்பிட்ட கதிரை அவருடையது என்று நீ சொல்லவில்லை. கதிரைக்குப் பின்னால் அவருடைய உடுப்புத் தொங்கியது, எனக்குத் தெரியாதா? கூப்பிடு என்று உன்னிடம் இரண்டு தடவை சொன்னேன். "விடுங்கோ அம்மா, அவர் ஒண்டை நினைச்சா நினைச்சதுதான்" என்றாய். நானும் மூன்றாம் தடவை சொல்லாமல் விட்டுவிட்டேன். வற்புறுத்திக் கேட்டிருக்க வேண்டும். என்னைப் போல ஒருவர் இன்னொரு வீட்டிலும் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. துசிஸ் ரயில் நிலையத்தில், என்னைக் கூட்டிப்போக வந்த கொண்ணன் பெட்டியை மேலே வைத்துக்கொண்டிருந்தபோது நான் ஜன்னல் பக்கம் இருந்தேன். வெளியே, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், அந்த ஜீப் நின்றது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ரயில் போகட்டும், பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று நிற்கிறார். இரண்டு கிழமை பிள்ளையைத் தூக்காத மனிதன்.

எனக்குக் கூப்பிட வேண்டும் போல் இருந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மருமகன் என்று வாய் திறந்ததில்லை. கண்ணாடியை இறக்கவும் தெரியவில்லை. விரலால் தட்டினேன். எப்படிக் கேட்டதோ, திரும்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அதற்குள் ரயில் எடுத்துவிட்டது. 

நீ மறுபடி வரச்சொல்லி எழுதுவாய். அதற்கு முன் மருமகனிடம் ஒன்று கேள். நான் வருகிற நாளில் அவர் வீட்டில் நிற்பாரா? நிற்பார் என்றால் அடுத்த ரயிலில் ஏறுவேன். நிற்கமாட்டார் என்றால் என்னைக் கூப்பிடாதே, பிள்ளையின் படத்தை அனுப்பு, அதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறேன். ஒரு மனிதனை அவனுடைய வீட்டிலிருந்து எழுப்பிவிட்டு, அவன் சமைத்ததை அவன் கதிரையில் இருந்து இன்னொரு தடவை சாப்பிட என்னால் ஏலாது.

உன் அம்மா
அழகிப்பிள்ளை